இறக்கத்தில் உதறும் வண்டி

வண்டி உதறுகிறது என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் பவுலோஸ் உடனே பானட்டைத் திறந்துவிட மாட்டார். ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். உதறல் கையில் தெரிகிறதா, உட்கார்ந்த இடத்தில் தெரிகிறதா, காலில் தெரிகிறதா? கையில் என்றால் முன்சக்கரம். சீட்டில் என்றால் பின்சக்கரம். பிரேக்கை மிதிக்கும்போது பெடல் பாதத்தை எதிர்த்து உதைக்கிறது என்றால் டிஸ்க் கோணிப்போயிருக்கிறது. இவ்வளவுதான் விஷயம், இதற்கு ஏன் கல்பற்றாவில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்பார். வைத்திரியில் அவருடைய ஒர்க்‌ஷாப்பைத் தாண்டிப் போகிற டாக்ஸிக்காரர்கள் அத்தனை பேரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தை அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்த மூன்று கேள்வியையும் அவர் ஒரே ஒருவரிடம் மட்டும் கேட்காமல் விட்டார். அது அயமு. இருபத்தைந்து வருட சிநேகிதம். அயமுவின் வண்டிக்கு என்ன நோய் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ற இளக்காரம் அவருக்கு.

அந்த இளக்காரத்துக்குக் காரணமும் இருந்தது. அயமு விமான நிலைய ஓட்டக்காரர். வயநாட்டிலிருந்து கரிப்பூருக்குப் போய், வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வருவதுதான் அவர் பிழைப்பு. மலைமேல் எப்போதும் மழை, எப்போதும் சேறு. நாலு வருடம் கழித்து ஊருக்கு வருகிறவன் சேறு படிந்த வண்டியிலா ஏறுவான்? அதனால் சுரம் என்கிற மலைப்பாதையின் ஒன்பது வளைவையும் இறங்கியதும், அடிவாரத்தில் ஓடையோரம் வண்டியை நிறுத்தி, வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் இவர்கள் விமான நிலையத்துக்குப் போவார்கள். வருகிறவனை வரவேற்கக் கூட வந்த வீட்டார் எதிர்க்கடையில் சாயா குடிப்பார்கள். டிரைவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாட்டும் கேலியுமாகக் கழுவுவார்கள். அத்தனை டிரைவருக்கும் அது ஒரு சின்னத் திருவிழா.

ஒன்பது வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கிய டிஸ்க், தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். அதன் தலையில் ஓடைத் தண்ணீரைக் கொட்டினால் அது கோணாமல் என்ன செய்யும்? பவுலோஸ் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை. போன வருடம் மழைக்காலத்தில் அயமுவின் வண்டிக்கு நிஜமாகவே டிஸ்க் கோணியது. பிரேக்கைத் தொட்டால் ஸ்டீயரிங் உதறியது. பவுலோஸ் அதைக் கழற்றி, லேத்தில் கடைந்து, மாட்டி, ஒரு மணி நேரம் திட்டி அனுப்பினார். வண்டி சரியாகிவிட்டது.

நோன்புப் பெருநாள் முடிந்ததும் அயமு மறுபடி வந்தார். இறக்கத்தில் உதறுகிறது என்றார்.

"திரும்பவும் தண்ணி ஊத்தினீங்களா இக்கா?"

"ரெண்டே ரெண்டு வாளி. சக்கரத்துல படாமத்தான்."

"சக்கரத்துல படாம வண்டி கழுவுற ஒரே ஆளு நீங்கதான். போட்டோ எடுத்து மாட்டணும்."

மறுபடி கடைந்தார். போகவில்லை. புது டிஸ்க் போட்டார். பதினைந்து நாள் கழித்து அயமு வந்து, இன்னும் இருக்கிறது என்றார். சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்த்தார். டயரை முன்னும் பின்னும் மாற்றினார். புஷ் மாற்றினார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து சுண்டேல் வரை ஓட்டிப் பார்த்தால் வண்டி வெண்ணெயாக ஓடியது. சுரம் இறங்கிச் சூடேறினால்தான் தெரியும் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இறங்கிப் பார்க்க நேரமில்லை. நேரமில்லை என்பதும் முழு உண்மை இல்லை. இந்த மனுஷன் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டிருந்தார். அதை நாலு டிரைவர்கள் முன்னால் வைத்துச் சொல்லவும் சொன்னார். அன்றிலிருந்து அயமு அடிவாரத்தில் வண்டியை நிறுத்துவதையே விட்டுவிட்டார். மற்றவர்கள் கழுவிக்கொண்டிருக்கும்போது சேறு படிந்த வண்டியோடு, பக்கவாட்டில்கூடப் பார்க்காமல் கடந்து போவாராம். தண்ணீரைக் கண்டால் பயம் என்று டிரைவர் பிள்ளைகள் கேலி பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது பவுலோஸுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போதாவது வழிக்கு வந்தாரே என்று நினைத்தார்.

அந்தப் புதன்கிழமை காலையில் அயமு வந்தபோது முகமே சரியில்லை. சாவியை பெஞ்சில் போட்டுவிட்டு நின்றார்.

"பவுலோஸே, வெள்ளிக்கிழமை நவ்ஃபல் வர்றான்."

"அப்படியா! தோஹாலேர்ந்தா? லீவு கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு. நாலரை வருஷம். ஊர்ல இருக்கிற எல்லார் பையனையும் நான்தான் போய்க் கூட்டிட்டு வந்திருக்கேன். என் பையன் போனப்ப எனக்குக் காய்ச்சல், வேற ஆளுதான் கொண்டுபோய் விட்டான். வர்றப்பவாவது நான் போய் நிக்கணும். இந்த உதறலோட நான் எப்படி அவனை ஏத்திகிட்டு வர்றது?"

"சுரம் ஏறுறப்ப உதறலியே?"

"ஏறுறப்ப இல்ல. எறங்குறப்பதான். சைனபாவும் வர்றா. அவளைப் பின்னால வச்சுகிட்டு அந்த ஏழாவது வளைவுல…" மனைவியின் பேரைச் சொன்னதும் அயமு பாதியில் நிறுத்திக்கொண்டார். "ரெண்டு நாள்ல சரிபண்ணிக் குடு. நான் தண்ணியைத் தொடலை. பள்ளிவாசல்ல வந்து வேணும்னாலும் சொல்றேன்."

பள்ளிவாசலை இழுத்ததும் பவுலோஸுக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருடத்தில் அயமு ஒருமுறையும் சத்தியத்துக்குப் போனதில்லை. பவுலோஸ் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தார்.

"வாங்க. இன்னைக்கு ஒர்க்‌ஷாப் மூடிக் கிடக்கட்டும். நானே ஓட்டிப் பாக்குறேன்."

லக்கிடி தாண்டிச் சுரம் தொடங்கியது. பவுலோஸ் வேண்டுமென்றே முரட்டுத்தனமாக ஓட்டினார். வளைவுக்கு வளைவு கடைசி நொடியில் பிரேக்கைப் போட்டார். லாரிகளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போய், மிதித்து, விட்டு, மிதித்தார். ஐந்தாவது வளைவில் டிஸ்க் தீய்ந்த வாடை வந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஏழாவது வளைவில் வரவில்லை. ஒன்பதாவதிலும் வரவில்லை. வண்டி, பாலில் போட்ட சர்க்கரை மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது.

அயமு இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவில் கைகளைச் சொருகிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும், "இப்ப? இப்ப?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் பவுலோஸ் இல்லை என்று தலையாட்டினார்.

அடிவாரத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஓடையில் மூன்று நாலு வண்டிகள் குளித்துக்கொண்டிருந்தன. கழுவிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் அயமுவைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிக் காட்டினான்.

"அயமுக்கா, ஒரு வாளி? ஆசான் கூட வந்திருக்காரு, பயப்படாதீங்க!"

"உன் தலையில ஊத்திக்க. அதுதான் சூடா இருக்கு" என்றார் அயமு. சிரிப்பு எழுந்து அடங்கியது.

கடையில் பாலில்லாத கட்டஞ்சாயா சொன்னார்கள். பவுலோஸுக்கு நிஜமாகவே குழப்பம். அவருடைய தொழிலில் ஒரு வண்டி அவரிடம் இப்படி மறைத்ததே இல்லை. கடைசியில், புதிதாக வந்த வாடிக்கையாளரிடம் கேட்பது போல, கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்டார்.

"இக்கா, பிரேக்கை மிதிக்கிறப்ப காலுல உதைக்குதா?"

"கால்ல எங்க உதைக்குது? பெடல் கம்முனு இருக்கு. கையிலதான்."

"கொஞ்சம்கூட இல்லையா?"

"இல்லன்னா இல்லதான். நீ இத்தனை மாசமா அதைக் கேக்கவே இல்லையே."

பவுலோஸ் சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். டிஸ்க் கோணியிருந்தால் பெடல் உதைத்தே தீரும். உதைக்கவில்லை என்றால் அது டிஸ்க்கே இல்லை. நோன்பிலிருந்து இன்றுவரை டிஸ்க்கே இல்லை. சிநேகிதனைப் பொய்யன் ஆக்கினோமே, அது எதற்கு என்று முதல்முறையாக நினைத்தார். அவமானத்தில் காது சுட்டது.

அப்போதுதான் கடைக்காரன் அயமுவின் முன்னால் வைத்த கிளாஸைக் கவனித்தார். பாதிதான் இருந்தது. அயமு ஒன்றும் கேட்காமலே கடைக்காரன் பாதி ஊற்றிக் கொண்டுவந்திருந்தான். அயமு அதை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, குனிந்து, கிளாஸிடம் வாயைக் கொண்டுபோய்க் குடித்தார். பவுலோஸ் வேறு பக்கம் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அந்த நேரத்தில் அவருக்கே புரியவில்லை.

"நீ ஓட்டினா அது பேசாம இருக்கு. என்கிட்டத்தான் வாலாட்டுது" என்று எழுந்தார் அயமு. "வா, நான் காட்டுறேன். ஏறு அந்தப் பக்கம்."

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார். ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். பக்கத்தில் சிமெண்டு லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. பவுலோஸ் இடது கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருப்பார், அயமு கத்தினார்.

"பாரு! பாரு பாரு, இப்பவே அடிக்குது! நான் சொன்னேன்ல? வா, கையை வச்சுப் பாரு. இங்க, என் கைக்குப் பக்கத்துல வை."

அவர் குரலில் அவ்வளவு ஜெயம். இத்தனை மாதமாகத் தன்னை நம்பாத மனுஷனுக்குக் கையும் களவுமாகக் காட்டிவிட்ட ஜெயம். பவுலோஸ் குனிந்து கையை வைத்தார். ஆமாம். அடித்தது. மெல்ல, ஒரே சீராக, விடாமல் அடித்தது. அவருடைய உள்ளங்கைக்குக் கீழே ஸ்டீயரிங் உயிருள்ள ஒன்று போல உதறிக்கொண்டிருந்தது.

வண்டியின் சாவி பவுலோஸின் சட்டைப்பையில் இருந்தது.

அவர் அதை உடனே எடுக்கவில்லை. எடுக்காமலே ஒரு கதை சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஸ்டீயரிங் ராடு தேய்ந்திருக்கிறது, மாற்ற ஒரு மாதம் ஆகும், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள் என்று. அவர் பொய் சொல்லத் தெரியாதவர் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து? அதற்கு அடுத்த மாதம்? இத்தனை நாளும் தண்ணீர் மேல் பழிபோட்டு இந்த மனுஷனை அலைய வைத்தது போதாதா?

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து டேஷ்போர்டின் மேல் வைத்தார். 

அயமு சாவியைப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே சாவித் துவாரத்தைப் பார்த்தார். லாரி கிளம்பிப் போனது. சத்தம் அடங்கியது. அவருடைய வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. கைகள் மட்டும் ஸ்டீயரிங் மேல் உதறிக்கொண்டிருந்தன. அயமு அவற்றை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடியிலும் அவை நிற்கவில்லை.

அந்தக் கைகளைப் பார்த்தபடியே, "அப்ப வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

"இல்ல இக்கா."

"நல்ல வண்டி. அதைப் போய் நான் திட்டிகிட்டே இருந்தேன்."

திரும்பும்போது பவுலோஸ்தான் ஓட்டினார். நாலாவது வளைவு வந்தது. அயமு, வெளியே பார்த்தபடி, சின்னக் குரலில் கேட்டார்.

"எதனால வரும் இது?"

"எனக்குத் தெரியாது. மெடிக்கல் காலேஜ்ல காட்டணும். மாத்திரை இருக்குதாம்."

"மாத்திரை போட்டா சுரம் எறங்கலாமா?"

"நான் வண்டி டாக்டர்தான் இக்கா."

"வண்டிக்கே நீ ஒழுங்கா பாக்கலையே." அயமு சட்டென்று திரும்பினார். "தண்ணின்னு சொன்ன. நான் நம்பினேன். ஊரே பாத்துச் சிரிக்க, ஓடையைத் தாண்டிப் போனேன். எம் பெரிய சந்தோஷம்டா அது, பசங்களோட கழுவுறது. அதையும் விட்டேன், உன் பேச்சைக் கேட்டு. இப்ப கைன்னு சொல்ற. நாளைக்கு என்ன சொல்வ, தலைன்னு சொல்வியா?"

பவுலோஸ் வேகத்தைக் குறைத்தார். "தப்புதான். என் தப்புதான் இக்கா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவருடைய மனைவிகூடக் கேட்டதில்லை.

அது அயமுவின் கோபத்தைக் குறைத்தது போலத் தெரிந்தது. லக்கிடி வந்ததும் அவர் பவுலோஸின் முழங்கையைத் தொட்டார்.

"வெள்ளிக்கிழமை ஒரு நாள். அந்த ஒரே ஒரு தடவை. அப்புறம் சாவியை உன்கிட்டயே கொடுத்துடறேன். இறுக்கிப் பிடிச்சா அவ்வளவா தெரியாது. மெதுவா எறங்குறேன். ஒரே ஒரு தடவை, பவுலோஸே. என் பையனுக்கு நான்."

"சைனபாத்தாவைப் பின்னால வச்சுகிட்டா?"

அயமு கையை எடுத்துக்கொண்டார்.

"நான் ஓட்டுறேன் இக்கா. என்னோட வாங்க. நாம மூணு பேரும் போவோம்."

"மத்தவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் அயமு வந்தான். அவன் பிள்ளைக்கு மட்டும் கூலிக்கு ஆளா?" என்றார் அயமு. ஒர்க்‌ஷாப் வாசலில் இறங்கி, சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியை அவரே ஓட்டிப் போனார். சுண்டேலில் அவர் வீடு வரை சமதளம்தான். பவுலோஸ் தடுக்கவில்லை. தடுக்க அவருக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது.

வியாழக்கிழமை அவருக்கு வேலை ஓடவில்லை. மூன்று முறை போன் செய்தார். அயமு எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு அயமுவின் வீட்டுக்குப் போனார்.

வண்டி முற்றத்தில் தயாராக நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி அப்படிப் பளபளத்து அவர் பார்த்ததில்லை. வீட்டிலேயே, ஆறவைத்து, ராத்திரியோ விடியலிலோ கழுவியிருக்கிறார். அயமு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சைனபா. மடியில் அரிசிப் பத்திரியும் கோழிக்கறியும் கட்டிய பை. மகன் வழியிலேயே பசி என்று சொல்வான் என்று.

அயமு பவுலோஸைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். பவுலோஸ் பின்கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"சைனபாத்தா, உங்களுக்குத் தெரியுமா?"

சைனபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நோன்புலேர்ந்து சட்டைப் பொத்தான் நான்தான் பவுலோஸேட்டா போட்டுவிடுறேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு. குளிருன்னாரு. வயசுன்னாரு. வண்டி உதறி உதறிக் கைக்கு வந்துடுச்சுன்னாரு. நானும் சரின்னேன்."

"தெரிஞ்சுமா ஏறி உக்காந்திருக்கீங்க?"

"நான் வேணாம்னா நிப்பாரா? அதான் நானும் ஏறிட்டேன். வர்றது வந்தா ரெண்டு பேருக்கும் சேத்தே வரட்டும்."

அவள் இதைச் சாதாரணமாக, கடையில் மீன் விலை சொல்வது போலச் சொன்னாள். அயமு கேட்டிருக்க வேண்டும். பின் கழுத்து அசையவில்லை.

பவுலோஸ் சண்டை போடத்தான் வந்திருந்தார். சாவியைப் பிடுங்கத்தான் வந்திருந்தார். இப்போது அது முடியாது என்று தெரிந்தது. இருபத்தைந்து வருடமாகப் பிறர் பிள்ளைகளை வீடு சேர்த்த மனுஷனை, அவன் வீட்டு முற்றத்தில், பெண்டாட்டி பார்க்க, சீட்டிலிருந்து இழுத்துப் போடுவதா? வண்டியைச் சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"போலாம் இக்கா. நானும் வர்றேன்."

அயமு அவரை ஒரு பார்வை பார்த்தார். கியர் போட்டார்.

சுண்டேல் கடந்தது. வைத்திரி கடந்தது. ஒர்க்‌ஷாப் வாசலைக் கடக்கும்போது இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அயமு நன்றாகத்தான் ஓட்டினார். அவரைப் போல ஓட்ட இந்தச் சாலையில் ஆள் இல்லை. எந்தப் பள்ளத்துக்கு எங்கே ஒதுங்க வேண்டும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். கைகளை ஸ்டீயரிங்கில் இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. பவுலோஸ் கைகளைப் பார்க்காமலிருக்க ரோட்டைப் பார்த்தார். ரோட்டைப் பார்க்க முடியாமல் கைகளைப் பார்த்தார். மனத்துக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

லக்கிடி வந்தது. சாலை குனிந்து கீழே போகிற இடம். அங்கேயே மேகம் கிடந்தது. முதல் வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க அயமு பிரேக்கில் காலை வைத்தார். அந்த நொடியில் அவருடைய வலது கை தொடங்கியது. இறுக்கினார். இன்னும் இறுக்கினார். அது நிற்கவில்லை, தோள்வரை ஏறியது.

 பின்சீட்டில் சைனபா பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கண்ணாடியில் அயமு அதைப் பார்த்தார்.

வண்டி இடது பக்கம் ஒதுங்கி நின்றது. அயமு இன்ஜினை அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் எதிரே கிடந்த மேகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த டாக்ஸி ஒன்று வேகம் குறைத்து, "என்ன அயமுக்கா, நவ்ஃபலா?" என்று கேட்டது. "ஆமாடா" என்று சிரித்துக் கை காட்டினார். அது போகும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, வண்டிக்கு முன்னால் நடந்து வந்து, பவுலோஸின் கதவைத் திறந்தார்.

"எறங்கு. போய் ஓட்டு."

பவுலோஸ் இறங்கினார்.  அயமு அவர் முகத்தைப் பார்க்காமல், "அவ பின்னால இருக்கா" என்று மட்டும் சொன்னார்.

இறக்கம் முழுவதும் அயமு வழி சொல்லிக்கொண்டே வந்தார். இங்கே இரண்டாவது கியர், அங்கே ஹாரன், இந்த வளைவில் பஸ் உள்ளே வெட்டும், ஒதுங்கிக்கொள். எல்லாம் பவுலோஸுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொன்றுக்கும் "சரி இக்கா" என்றார். ஒரு வளைவில் தெரிந்தே தப்பாகக் கியர் போட்டு அயமுவிடம் திட்டு வாங்கினார். அதில் அயமுவுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்திருக்கலாம்.

கரிப்பூரில் அயமுவை எல்லோருக்கும் தெரியும். வாசல் காவலர் சலாம் வைத்தார். சாயாக்காரன் இன்று யார் பையன் என்று கேட்டான். என்னுடையவன் என்று அயமு சொன்னதும் அவன் சாயாவுக்குக் காசு வாங்க மறுத்தான். கம்பித் தடுப்பில் எந்த இடத்தில் நின்றால் வெளியே வருகிறவன் முகம் முதலில் தெரியும் என்பது அயமுவுக்குத்தான் தெரியும். சைனபாவை அங்கே நிறுத்தினார். தான் அவளுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் கம்பியில் கோத்துப் பிடித்துக்கொண்டார். வழியில் ஒன்று மட்டும் சொல்லியிருந்தார், இரண்டு பேருக்கும் சேர்த்து.

"அவன்கிட்ட இப்ப சொல்ல வேணாம். லீவு முடிஞ்சு போகட்டும். தெரிஞ்சா போகமாட்டான்."

விமானம் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து நவ்ஃபல் வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். தள்ளுவண்டியில் கயிறு சுற்றிய பெரிய அட்டைப்பெட்டி, அதில் கொட்டை எழுத்தில் அவன் பெயர். உம்மாவைக் கண்டதும் தள்ளுவண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடி வந்தான். சைனபா அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். அயமு அவன் தலையைத் தொடக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டார்.

நவ்ஃபல் விடவில்லை. உப்பாவை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்ட வேகத்திலேயே, சிரிப்பும் அழுகையுமாக நிமிர்ந்து பார்த்தான்.

"உப்பா, என்ன உப்பா இப்படி நடுங்குறீங்க? நான்தான் வந்துட்டேன்ல?"

மகனின் தோளுக்கு மேலாக அயமு பவுலோஸைப் பார்த்தார். பவுலோஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"சந்தோஷம்டா" என்றார் அயமு. "நாலரை வருஷம் ஆச்சுல்ல. சந்தோஷத்துல நடுங்குது."

"பவுலோஸேட்டா, பாருங்க எங்க உப்பாவை! சுரத்துல யானை வந்தாலும் அசையாத ஆளு!" நவ்ஃபல் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டான். "முப்பது நாள் லீவு. வேற டிரைவர் வேணாம், நீங்கதான் என்னை எல்லா இடத்துக்கும் கூட்டிட்டுப் போறீங்க. சரியா?"

"போலாம்டா மோனே" என்றார் அயமு. "எல்லா இடத்துக்கும் போலாம்."

பவுலோஸ் தள்ளுவண்டியைப் பிடித்து வண்டி நிற்கும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். அவர்கள் மூவரும் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் கண்ணையும் முகத்தையும் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.